எழுபத்தைந்து போதும்

முன் சீட்டில், கண்டக்டருக்குப் பின்னால், எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் பாருங்கள், பச்சைச் சேலை. அவள்தான். சட்டென்று பார்க்காதீர்கள், மெதுவாகப் பாருங்கள். பஸ் ஏறினால் வாந்தி வரும், முன்னால் போனால் கொஞ்சம் பரவாயில்லை என்றாள். அப்படித்தான் சொன்னாள். என் பக்கத்தில் உட்கார்ந்தால் நான் ஏதாவது கேட்டுவிடுவேன் என்று போயிருப்பாள் என்றுதான் எனக்குப் படுகிறது.

உங்களுக்குக் கரூரா? நல்லது, நேரம் இருக்கிறது. நாங்கள் நாமக்கல். நாளைக்கு மாநிலப் போட்டி. பவர்லிஃப்டிங். டிவியில் பளுவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பார்களே, அது வேறு அக்கா. இதில் மூன்று வேலை. தோளில் பாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும். படுத்துக்கொண்டு நெஞ்சிலிருந்து மேலே தள்ள வேண்டும். கடைசியாகத் தரையில் கிடக்கிறதை இடுப்பு மட்டத்துக்கு இழுத்துக்கொண்டு நிமிர வேண்டும். மூன்றிலும் தூக்கியதைக் கூட்டி, யாருக்கு அதிகமோ அவர் ஜெயித்தார். அவ்வளவுதான். ஏமாற்ற இடமே இல்லாத விளையாட்டு என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போட்டியில் தூக்கப் போகிறது நான் இல்லை. அவள். நான் கூடப் போகிறேன். எதற்கு என்று சொல்கிறேன்.

எனக்குப் பெயர் தமயந்தி. அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். ஒன்பது வருஷமாக பவுல்ராஜ் மாஸ்டர் ஜிம்முக்குப் போகிறேன். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரை லேடீஸ் டைம். முதல் நாள் நான் தரையிலிருந்து இழுத்தது முப்பது கிலோ. அதற்கே இரண்டு நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒரு வருஷம் கழித்து அறுபது. நூறைத் தொட நாலு வருஷம் ஆயிற்று. இன்றைக்கு நூற்று முப்பத்தைந்து. ஒவ்வொரு இரண்டரைக் கிலோவும் எந்தத் தேதியில் ஏறியது என்று நோட்டில் இருக்கிறது. காய்ச்சலில் போன நாள், அப்பா இறந்து பதினேழாம் நாள் போனது, எல்லாம் இருக்கிறது. என் பலத்துக்கு ரசீது இருக்கிறது அக்கா. அதைத்தான் சொல்கிறேன். அவளுடையதற்கு என்ன இருக்கிறது?

போன வருஷம் ஆடி மாதம் வந்தாள். செண்பகவல்லி. பத்திர எழுத்தர் ஆபீசில் டைப் அடிக்கிறவள். காலையில் போய் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். சுகர் எட்டிப் பார்க்கிறது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். சுடிதார் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு கோரைப்பாயோடு வந்து நின்றாள். கீழே விரித்து ஏதோ கையைக் காலை நீட்டலாம் என்று நினைப்பு. மாஸ்டர் டீ குடிக்கப் போயிருந்தார். ஆம்பிளைகள் தூக்கிவிட்டு அப்படியே போட்டுப்போன கம்பி நடுவில் கிடந்தது. நூறு கிலோ.

"டீச்சர், இது குறுக்க கெடக்கே, எங்க வைக்கணும்?" என்று என்னைக் கேட்டாள்.

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் குனிந்தாள், எடுத்தாள், நாலு எட்டு நகர்ந்து சுவரோரம் வைத்தாள். வைத்துவிட்டுப் பாயை விரித்தாள்.

நூறு கிலோ அக்கா. எனக்கு நாலு வருஷம்.

"கனமா இல்லையா?" என்றேன். வேறு என்ன கேட்பது?

"கனம்தான் டீச்சர்," என்றாள். "அதான் இழுத்துட்டுப் போகாம தூக்கிட்டேன், தரை கீறும்ல?"

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கும் அன்றைக்குச் சிரிப்பு வந்தது. மாஸ்டர் வந்ததும் சொன்னேன். அவர் மறுபடி தூக்கச் சொல்லிப் பார்த்தார். தூக்கினாள். நூற்றைந்தும் தூக்கினாள். மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டு, "சில பேருக்கு வரும்போதே இருக்கும்மா. கையி நீளம், இடுப்பு அமைப்பு, அப்படி அமைஞ்சிருது. உனக்கு வரும்போது ஒண்ணுமே இல்ல பாரு" என்றார். பத்துப் பேர் முன்னால் சொன்னார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த சர்டிபிகேட் அது. அதற்குப் பிறகும் என்னமோ சொன்னார், உன்னுடையது ஏறுகிற உடம்பு, அது வேறு என்று. யார் கேட்டது?

அன்றைக்கே எனக்கு உறுத்தியது. கையைக் காலை நீட்ட வந்தவள் நூறு கிலோவை முதுகு வளையாமல் எப்படி எடுப்பாள்? முதுகு வளையாமல் எடுக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. எங்கேயோ பழகியிருக்கிறாள். வேறு ஊரில், வேறு பெயரில்கூட இருக்கலாம். நைசாகக் கேட்டுப் பார்த்தேன்.

"சின்ன வயசுல தண்ணிக்குடம் நெறைய சுமந்தீங்களோ?"

"இல்ல டீச்சர், எங்க வீட்டுக்குள்ளயே கொழாய் இருந்துச்சு."

"வயக்காட்டு வேலை?"

"அப்பா தாலுகா ஆபீஸ்ல கிளார்க். எங்களுக்கு வயலே இல்ல."

"அப்ப வேற என்னதான் செஞ்சீங்க?"

"பரதநாட்டியம் கத்துக்கிட்டேன். ஆறு மாசம். வரலைன்னு விட்டுட்டேன்."

பாருங்கள், எதற்கும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. பொய் சொல்கிறவர்களுக்குத்தான் இப்படி இருக்கும். உண்மையானவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

உள்ளங்கையைப் பார்த்தேன். எங்களுக்கெல்லாம் விரல் அடியில் காய்ப்பு இருக்கும், இதோ, தொட்டுப் பாருங்கள். அவளுக்கு வழவழவென்று இருந்தது. எண்ணெய் தேய்த்து மறைக்கிறாள் என்று அப்போதே தெரிந்துகொண்டேன். பொங்கலுக்குக் கரும்பு கொடுக்கிற சாக்கில் வீட்டுக்குப் போனேன். அடுப்படி ஷெல்ஃபில் பெரிய டப்பா, புரோட்டீன் பவுடர் டப்பா, படம் போட்டது. அவள் காபி போடத் திரும்பின நேரத்தில் திறந்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டேன். சத்துமாவு. தெருவில் யாரோ தூக்கிப்போட்ட டப்பாவாம், மூடி நன்றாக இருக்கிறது என்று எடுத்து வைத்தாளாம். அவள் திரும்பியபோது என் மேலுதடு முழுக்க மாவு. அதைப் பார்த்துவிட்டு, "பசியோட வந்திருக்கீங்க டீச்சர், சொல்லக்கூடாதா?" என்று நாலு தோசை வார்த்துக் கொடுத்தாள். சாப்பிட்டேன். தோசையை விடுவானேன்?

மார்கழியில் ஒரு வாரம் விடிகாலையில் அவள் தெருமுனையில் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டு இருந்து பார்த்தேன், வேறு எங்காவது ரகசியமாகப் பயிற்சிக்குப் போகிறாளா என்று. எங்கேயும் போகவில்லை. கோலம் போட்டாள். முக்கால் மணி நேரம் குத்தவைத்தபடி கோலம். அது பயிற்சி இல்லாமல் என்ன?

ஆனால் இதெல்லாம் பெரிசில்லை. பெரிய விஷயம் இனிமேல்தான். கவனமாகக் கேளுங்கள்.

முதல் நாள் அவள் நூற்றைந்து. இரண்டு மாதத்தில் நூற்றுப் பதினைந்து. அதற்குப் பிறகு? ஒன்றும் இல்லை. அப்படியே நின்றுவிட்டது. பத்து மாதம். வாரத்துக்கு நாலு நாள் வருகிறாள், மாஸ்டர் சொன்னதையெல்லாம் செய்கிறாள், முட்டை தின்கிறாள். நூற்றுப் பதினைந்து. நூற்றிருபது போட்டால் முட்டி வரைக்கும் வரும், நிற்கும், கீழே போய்விடும். ஒவ்வொரு தடவையும் அதே இடம். ஒரு சாண் முன்னே பின்னே கிடையாது. நடிப்புக்கு அவ்வளவு துல்லியம் வேண்டும் அக்கா.

ஆமாம், நடிப்புதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் முப்பதில் ஆரம்பித்தேன். ஒரு வருஷத்தில் அறுபது. இரண்டு மடங்கு. ஒன்றுமே இல்லாத எனக்கே இரண்டு மடங்கு என்றால், வரும்போதே நூறோடு வந்தவள் ஒரு வருஷத்தில் எங்கே இருக்க வேண்டும்? இருநூறில். பயிற்சி எடுத்தால் ஏறித்தானே ஆக வேண்டும்? ஒருத்தி ஏறாமல் நிற்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? மறைக்கிறாள். மாவட்டப் போட்டி வரட்டும் என்று உள்ளே வைத்திருக்கிறாள்.

இதை மாஸ்டரிடம் சொன்னேன். அவர், "ஏ தமயந்தி, வந்த அன்னைக்கே பாதி கெணறு தாண்டினவளுக்கு மிச்சம் தாண்ட பாதிதான் இருக்கும். நீ கெணத்துக்குள்ள இருந்து ஏறி வந்தவ. ரெண்டும் ஒரே கணக்கா?" என்றார். அவரையும் கைக்குள் போட்டுக்கொண்டாள் என்று புரிந்துகொண்டு பேச்சை நிறுத்தினேன்.

ஒருநாள் நூற்றிருபது விழுந்ததும் கம்பி பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். துப்பட்டாவில் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்: "உங்களுக்கு மட்டும் எப்படி டீச்சர் ஏறிக்கிட்டே போகுது? எனக்கு வந்த அன்னைக்கு இருந்ததுதான் இருக்கு. நான் ஒண்ணுமே சம்பாதிக்கல டீச்சர், பாக்கெட்ல கெடந்ததை எடுத்துச் செலவு பண்ணிக்கிட்டு இருக்கேன்."

எப்படிப் பேசுகிறாள் பார்த்தீர்களா? பத்திர ஆபீஸ். வார்த்தைக்கா பஞ்சம்?

போன மாதம் மாவட்டப் போட்டி வந்தது. விருதுநகரில். நாங்கள் இரண்டு பேரும் அறுபத்து மூன்று கிலோ பிரிவு. அதில் முதலாவது வருகிற ஒருத்திதான் மாநிலத்துக்குப் போக முடியும். எனக்கு வருகிற தையில் நாற்பது. அதோடு என்னை வயசானவர்கள் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். ஒன்பது வருஷத்தில் நான் மாநில மேடையில் ஏறினதில்லை. நாலு தடவை இரண்டாம் இடம், ஒரு தடவை மஞ்சள் காமாலை. இந்தத் தடவை விட்டால் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து இருபது பிள்ளைகள் என் பெயர் எழுதின துணியோடு வந்திருந்தார்கள்.

முதல் இரண்டு தூக்கலும் முடிந்தது. உட்கார்ந்து எழுவதிலும் படுத்துத் தள்ளுவதிலும் நான் அவளைவிட நாற்பத்தைந்து கிலோ முன்னால். மற்றவர்கள் எங்களுக்குக் கிட்டவே இல்லை. நாற்பத்தைந்து! எனக்குப் பயம் வந்ததே அப்போதுதான். யாராவது நாற்பத்தைந்து கிலோவைச் சும்மா விட்டுக் கொடுப்பார்களா? மிச்சமிருப்பது தரையிலிருந்து இழுப்பது. அவளுடைய தூக்கல்.

அதில் ஒரு முறை உண்டு. முதலில் எவ்வளவு தூக்கப் போகிறோம் என்று சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். குறைவாக எழுதினவர் முதலில் வர வேண்டும், அதிகமாக எழுதினவர் கடைசியில். கடைசியில் வருகிறவளுக்கு மற்றவள் என்ன தூக்கினாள் என்று தெரிந்துவிடும். சாவி அவள் கையில். ஆளுக்கு மூன்று தடவை. ஒன்று விழுந்தால் அடுத்ததற்கு எடையைக் குறைக்க முடியாது. அதே எடை, இல்லையென்றால் கூட. மூன்றும் விழுந்துவிட்டால் காலையிலிருந்து தூக்கினதெல்லாம் இல்லை என்று ஆகிவிடும். பெயருக்கு நேரே ஒரு கோடு.

மாஸ்டர் ஓடி வந்தார். "தமயந்தி, எழுபத்தஞ்சு எழுது. அவ நூத்திப் பதினஞ்சு இழுத்தாலும் உனக்கு எழுபத்தஞ்சு போதும். அதைத் தூக்கி வச்சுட்டு அப்பறம் உன் இஷ்டம்."

எழுபத்தைந்து! அது நான் உடம்பைச் சூடாக்கத் தூக்குகிறது. இருபது பிள்ளைகள் முன்னால் அதையா தூக்குவது? அதுவும் போகட்டும். எழுபத்தைந்து எழுதினால் நான் முதலில் தூக்க வேண்டும். அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்து உள்ளே வைத்திருக்கிற இருநூறை எடுப்பாள். அதற்கு நான் நூற்றறுபதாவது எடுத்தாக வேண்டும். அவளுக்குப் பின்னால்தான் நான் வர வேண்டும். அதனால் நூற்று நாற்பத்தைந்து எழுதினேன்.

என் நோட்டில் இல்லாத எடைதான். தெரியும். நூற்று முப்பத்தைந்துக்கு மேல் நான் தூக்கினதில்லை. ஆனால் போட்டியன்று பத்து கிலோ தானாக வரும் என்பார்கள்.

மாஸ்டர் சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "மாத்து தாயி, ஆரம்பிக்க மூணு நிமிஷம் முன்ன வரைக்கும் முத நம்பரை மாத்தலாம். கெஞ்சிக் கேக்குறேன், மாத்து." நேரம் முடிகிற வரைக்கும் கெஞ்சினார். அவர் கெஞ்சக் கெஞ்ச எனக்கு உறுதியாயிற்று. இந்த மனுஷன் ஏன் இவ்வளவு கெஞ்ச வேண்டும்?

அவள் நூற்றைந்தில் ஆரம்பித்தாள். தூக்கினாள். நூற்றுப் பதினைந்து. தூக்கினாள். ஒவ்வொரு சுற்றிலும் அவளுக்குப் பிறகு என் முறை. முதல் தடவை கம்பி தரையைவிட்டு அசையவில்லை. இரண்டாவது தடவை ஒரு சாண். அவள் மூன்றாவதாக நூற்றிருபது கேட்டாள். இதோ வருகிறது, இப்போது காட்டப் போகிறாள் என்று திரைக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முட்டி வரைக்கும் வந்தது, நின்றது, கீழே போனது. வழக்கம்போல.

எனக்கு மூன்றாவது. இழுத்தேன் அக்கா. ஒன்பது வருஷத்தையும் சேர்த்து இழுத்தேன். முட்டி வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அவளுடையதும் அங்கேதான் நிற்கும், ஆனால் அது நடிப்பு. என்னுடையது நிஜ முட்டி.

பெயருக்கு நேரே கோடு போட்டார்கள். அவள் முதலாவது.

எவ்வளவு அழகாகத் திட்டம் போட்டிருக்கிறாள் பாருங்கள். ஒரு வருஷம். ஒரு கிலோகூடக் கூடுதலாகத் தூக்காமலே ஜெயித்துவிட்டாள்.

மெடலைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். "நான் போகல டீச்சர், நீங்களே போங்க. நான் கமிட்டியில சொல்லிட்டேன்," என்றாள். கோடு விழுந்தவரை அனுப்ப முடியாது என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். அது அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். பிறகு மாஸ்டருக்குக் கண் ஆபரேஷன் வந்தது. போட்டிக்குப் போகிறவர் கூட ஓர் ஆள் வேண்டும். இடுப்புப் பட்டையை இறுக்கிவிட, எடையைச் சொல்ல, சீட்டு எழுதிக் கொடுக்க. "நீங்க வந்தா நான் போறேன், இல்லைன்னா இல்ல," என்று என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

வருகிறேன் என்றேன். ஏன் மாட்டேன்? பக்கத்தில் இருந்தால்தானே பிடிக்க முடியும்?

இதோ, அந்த ஃபாரம். நாளைக்குக் காலையில் எடை பார்க்கும்போது கொடுக்க வேண்டும். மூன்று வேலைக்கும் முதல் தூக்கல் எவ்வளவு என்று நான்தான் எழுத வேண்டும். இரண்டு எழுதிவிட்டேன். மூன்றாவது, தரையிலிருந்து இழுக்கிறதுக்கான கட்டம், காலியாக இருக்கிறது பாருங்கள். திண்டுக்கல் தாண்டினதிலிருந்து பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். நூற்று நாற்பத்தைந்து எழுதினால் என்ன? மாற்றலாம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. மேடைக்குப் போய்த்தான் பார்ப்பாள். உள்ளே இருந்தால் வெளியே வந்துதானே ஆக வேண்டும்? தூக்கிவிட்டால் உலகத்துக்கே தெரிந்துவிடும், நான் சொன்னது சரி என்று.

தூக்காவிட்டாலா?

தூக்காவிட்டால்... என்ன அக்கா, அவள் தூக்குவாள்.

பொறுங்கள், பஸ் நிற்கிறது. டீக்கு விடுகிறான். அவள் இறங்குகிறாள், இங்கேதான் வருகிறாள். நீங்கள் ஒன்றும் தெரியாதது போல இருங்கள்.

"டீச்சர், இந்தாங்க வெள்ளரிக்காய், உப்பு கம்மியாப் போடச் சொன்னேன். அந்த அம்மாவுக்கும் ஒண்ணு குடுங்க. ஜன்னல் வழியா எட்டலை, இன்னும் கொஞ்சம் கை நீட்டுங்க... டீச்சர், அந்த ஃபாரம் எழுதிட்டீங்களா? நீங்க மட்டும் அன்னைக்கு மாஸ்டர் சொன்னபடி எழுபத்தஞ்சு போட்டிருந்தா நான் இந்த வாந்தி பஸ்ல ஏறியிருக்கவே வேண்டாம், வீட்ல நிம்மதியா டிவி பாத்துக்கிட்டு இருந்திருப்பேன். நூத்தஞ்சு போடுங்க டீச்சர். இல்ல, வேண்டாம், நீங்களே பாத்துப் போடுங்க. என்னால எவ்வளவு முடியும்னு என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். வருஷம் பூரா நீங்கதான் என்னைப் பாத்துக்கிட்டே இருந்தீங்க."

போய்விட்டாள். கேட்டீர்களா? கடைசியில் சொன்னதைக் கேட்டீர்களா? பார்த்துக்கொண்டே இருந்தேனாம். தெரிந்திருக்கிறது. தெருமுனை, சத்துமாவு, எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. தெரிந்தும் தோசை வார்த்தாள்.

வெள்ளரிக்காய் தின்னுங்கள். பிஞ்சாகத்தான் இருக்கிறது.

நீங்கள் ஏன் அவளையே திரும்பித் திரும்பிப் பார்க்கிறீர்கள்? இவ்வளவு நேரம் தலையை ஆட்டினீர்கள். உங்களுக்கும் அவள் உண்மையானவள் மாதிரிதான் தோன்றுகிறதா? முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஒரு பேச்சுக்கு, அவளிடம் ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். நூற்றுப் பதினைந்துதான், அதற்கு மேல் ஒரு கிலோ கிடையாது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அன்றைக்கு விருதுநகரில் என்னைத் தோற்கடித்தது யார்? சொல்லுங்கள். யாராவது ஒருத்தர் இருந்தாக வேண்டும் இல்லையா?

அமராவதிப் பாலம் வந்துவிட்டது. தண்ணீரே இல்லை பாருங்கள், மணல்தான். நீங்கள் இறங்க வேண்டியது வந்துவிட்டது, பையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே வைத்த தூக்குவாளியை விட்டுவிடாதீர்கள், இருங்கள், நான் எடுத்துத் தருகிறேன். இதெல்லாம் எனக்கு ஒரு கனமா?

எழுதிவிட்டேன். பஸ் குலுக்குகிறது, எழுத்து கோணலாகப் போய்விட்டது. படிக்க முடிகிறதா? நூற்றைந்து. ஆமாம், நூற்றைந்துதான். நோஞ்சான்கூடத் தூக்கிவிடுவான், அவளுக்கு நிச்சயம் எழும்.

அவளுக்காக இல்லை அக்கா, தப்பாக நினைக்காதீர்கள். நூற்று நாற்பத்தைந்து போட்டால் நான் சந்தேகப்படுகிறேன் என்று கண்டுபிடித்துவிடுவாள். நம்பிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.